தாத்தாவின் 70ஆம் வயது விசேஷம்: குடும்பப் படத்துக்கு வாண்டுகளை எப்படித் தயார் செய்வது?

மடிப்பாக்கம் மருமகள்

ஜனவரி கடைசியில் என் மாமனாருக்கு பீமரத சாந்தி. அத்தையும் மாமாவும் தென்காசியிலிருந்து முன்கூட்டியே வந்துவிடுவார்கள். நாத்தனார் குடும்பம் பெங்களூரிலிருந்து வருகிறது. எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கும் சமயம் அபூர்வமாகத்தான் வாய்க்கிறது. அதனால் விசேஷத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தனியாக ஒரு குடும்பப் படம் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். மண்டபத்தில் வரிசையாக நின்று எடுக்கும் படம் எப்படியும் வந்துவிடும். இது வீட்டில் இருப்பது போல இயல்பாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மொத்தம் ஒன்பது பேர். கவலை என் இரண்டு பிள்ளைகளைப் பற்றித்தான். பெரியவளுக்கு ஐந்தரை வயது. முன்பல் ஆடுகிறது. கேமராவைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள், இல்லையென்றால் கழுத்து நரம்பு தெரிய "ஈ" என்று பல்லைக் காட்டுவாள். சின்னவனுக்கு 22 மாதம். புது ஆள் யார் வந்தாலும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் ஃபிளாஷ் அடித்ததும் அலறி, சாப்பாட்டுப் பந்தி வரை அழுகை நிற்கவில்லை.

படம் எடுப்பவர் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். மாலை நாலரைக்குப் பெசன்ட் நகர் கடற்கரை என்கிறார். வீட்டிலேயே எடுக்கலாமா? பிள்ளைகளுக்கு முன்பே ஒத்திகை பார்க்கலாமா? சாக்லேட் தருகிறேன் என்று சொல்லலாமா? பட்டுப் பாவாடையும் திருஷ்டிப் பொட்டும் கட்டாயம் என்று அத்தை சொல்லிவிட்டார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

ரெட்டை வால் அம்மா

எனக்கு இரட்டைப் பையன்கள், மூன்று வயது. முதலில் தூக்கம், அப்புறம் சாப்பாடு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. சின்னவன் மதியம் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுவான் என்று பார்த்து, அவன் எழுந்து ஒரு மணி நேரம் கழித்துப் படம் தொடங்கும்படி வையுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுபோனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சாப்பாடு கிளம்புவதற்கு அரை மணி முன்பு. இட்லி, தயிர் சாதம் மாதிரி பழகினது போதும். பாலை வயிறு முட்டக் கொடுத்துக் காரில் ஏற்றாதீர்கள்.

சாக்லேட் பற்றி: எங்கள் வீட்டில் "முடிந்ததும் தருகிறேன்" என்றால் வேலை நடக்கிறது. நான் சொல்வேன்.

படப்பெட்டி

வணக்கம் சகோதரி. குடும்பப் படம் எடுப்பதுதான் என் தொழில், சென்னையில்தான் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படக்காரர் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நாலரை மணி சொல்லியிருக்கிறார், அது சரியான கணக்கு. நம் கடற்கரை கிழக்குப் பார்த்தது. சாயங்காலம் வெயில் ஊர்ப் பக்கமிருந்து வரும். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் விழும். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியதும் யாரும் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. ஜனவரி கடைசியில் சூரியன் மறைய ஆறு மணி தாண்டிவிடும், ஆகவே நேரமும் போதும். காலையில் போனால் ஆறரை வாக்கில் உதயம், ஆனால் வெயில் கடலிலிருந்து நேராக வரும். கடலைப் பார்த்து நின்றால் கண் கூசும், முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டும்.

ஆனாலும் நான் உங்கள் வீட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் மணலில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். பலூன்காரர், பஜ்ஜிக் கடைப் புகை, ராட்டினம், நாய். 22 மாதப் பிள்ளை இதில் எதைப் பார்ப்பான்? அவனைச் சொல்லிக் குற்றமில்லை. போதாததற்கு வயதானவர்கள் மணலில் நடந்து போய்த் திரும்ப வேண்டும்.

வீட்டில் எடுப்பதென்றால் பெரிய ஜன்னலோ பால்கனிக் கதவோ உள்ள ஒரு அறை போதும். டியூப் லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், பல்புக்கு ஒரு நிறம். இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் விழும். இன்னொரு காரணமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில எல்ஈடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. குழந்தை மிரளக் கூடாதென்று கேமராவைச் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்தால், படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். விளக்கை அணைத்தால் இரண்டு தொல்லையும் ஒன்றாகப் போய்விடும். வெளிச்சம் போதாமல் ஃபிளாஷ் தேவைப்பட்டாலும் நேராக அடிக்கச் சொல்லாதீர்கள். வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி அடித்தால் பையனுக்கு அது பெரிதாகவே தெரியாது.

வீட்டை முழுக்க ஒழுங்கு செய்து அலுத்துப்போகவும் வேண்டாம். ஒரு மூலை மட்டும் காலியாக இருந்தால் போதும். பெரியவள் சுவரில் கிரயானால் கிறுக்கி வைத்திருந்தால் அதைத் துடைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது பிள்ளைகள். புது ஆளைக் கண்டு மிரள்வது எட்டு ஒன்பது மாதத்தில் தொடங்கும், பல பிள்ளைகளுக்கு இரண்டு வயது வரை பலமாக இருக்கும். அது கோளாறு இல்லை, வளர்ச்சி. நான் ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் கேமராவை எடுக்க மாட்டேன். தரையில் உட்கார்ந்து காபி குடிப்பேன். பிள்ளையைப் பார்த்துக் கொஞ்ச மாட்டேன், கைநீட்டிக் கூப்பிட மாட்டேன். அம்மாவோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பேன். அந்த நேரம் முழுக்கப் பிள்ளை அம்மாவின் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கும். அம்மா சிரித்துப் பேசினால் "சரி, இந்த ஆள் பரவாயில்லை" என்று இறங்கி வரும். அப்புறம் லென்ஸ் மூடியைத் தரையில் உருட்டி விடுவேன். அதை எடுக்க வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. உங்கள் படக்காரரிடம் இதற்கென்று இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் முந்தின வாரம் ஒரு வீடியோ காலில் பிள்ளைகளிடம் முகம் காட்டச் சொல்லுங்கள்.

சிரிப்புக்கு ஒத்திகை வேண்டாம். 1862இல் துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளை ஆராய்ந்து எழுதியது இன்று வரை பேசப்படுகிறது. உதட்டை நாம் நினைத்தால் விரிக்கலாம், ஆனால் மனம் மகிழும்போதுதான் கண்ணைச் சுற்றியுள்ள தசை தானாகச் சுருங்கும் என்றார். பெரியவளின் "ஈ" அழகாக வராததற்குக் காரணம் அதுதான். வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. "நல்லா சிரி", "பல் தெரியச் சிரி" என்று சொல்லச் சொல்ல அது கூடிக்கொண்டேதான் போகும்.

அதற்குப் பதில் விளையாட்டு. நம்மிடம் இதற்கென்றே செய்து வைத்த மாதிரி விளையாட்டுகள் இருக்கின்றன. தாத்தா மடியில் சின்னவன். தாத்தா அவன் உள்ளங்கையை விரித்து முழங்கையால் பருப்பு கடைகிறார். ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அக்காவுக்கு என்று ஊட்டுகிறார். அப்புறம் இரண்டு விரல் மணிக்கட்டில் இறங்கி, நண்டூறுது நரியூறுது என்று மெல்ல மேலே ஏறுகிறது. கை முழங்கையைத் தாண்டும்போதே பையன் தோளைக் குறுக்கிக் காத்திருப்பான், கூச்சம் வருவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடும். அந்த ஒரு விளையாட்டில் எனக்கு மூன்று விதப் படம் கிடைக்கும்: சுருக்கம் விழுந்த கைக்குள் பிஞ்சுக் கை, அவன் எதிர்பார்க்கும் முகம், இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பது. உப்பு மூட்டையும் அப்படித்தான், அப்பா முதுகில் ஏறினால் இருவர் முகமும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். பெரியவளுக்கும் அவள் அத்தை பையனுக்கும் தட்டாமாலை. சுற்றும் வேகத்தில் படம் கலங்காமலிருக்க ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையக் கூடாது என்று உங்கள் படக்காரருக்கே தெரிந்திருக்கும்.

கடைசியாக, பிள்ளைகளை விடப் பெரியவர்களைத்தான் தயார் செய்ய வேண்டும். ஒன்பது பேர் படம் கெட்டுப்போவது எப்படி என்று சொல்கிறேன். பையன் ஒரு நொடி கேமராவைப் பார்ப்பான். அந்த நொடியில் அவனைச் சுற்றியிருக்கும் எட்டுப் பேரும் குனிந்து, அவன் முகத்தைப் பார்த்து, "அங்க பாரு, அங்க பாரு" என்று விரல் நீட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை மட்டும் சரியாக இருக்கும் படங்கள் என்னிடம் ஏகப்பட்டது உண்டு. வீட்டில் எல்லாருக்கும் முன்பே சொல்லி வையுங்கள்: பிள்ளை என்ன செய்தாலும் நீங்கள் கேமராவைப் பார்த்துச் சிரித்த முகமாக இருங்கள், அவனை அழைப்பது என் வேலை. கூப்பிடுவதும் ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் என் தோளுக்குப் பின்னால், லென்ஸுக்கு ஒட்டித் தலையை வைத்துக் கூப்பிட வேண்டும். நாலு பக்கமும் நாலு பேர் கைதட்டினால் பிள்ளையின் கண் நாலு பக்கமும்தான் போகும்.

நிழல்மரம்

படப்பெட்டி சொன்னது எல்லாம் சரி, ஒரு விஷயத்தில் மட்டும் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். இப்போது எல்லாரும் "இயல்பா, இயல்பா" என்று சொல்லி, யாருமே கேமராவைப் பார்க்காத படங்களாக எடுத்து வைக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அப்பா போன பிறகு எங்களுக்கு எது உதவியது தெரியுமா? அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்த்த ஒரே ஒரு படம். இன்றும் கூடத்தில் அவர் எங்களைப் பார்ப்பது அதில்தான். உங்கள் மாமாவுக்கு இது 70. தயவுசெய்து ஒழுங்காக, எல்லாரும் உட்கார்ந்து நின்று, நேராகப் பார்க்கும் ஒரு படம் கண்டிப்பாக எடுங்கள். அதில் சின்னவன் வேறு பக்கம் பார்த்தால் பார்க்கட்டும்.

படப்பெட்டி

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அதை முதலிலேயே எடுத்துவிடலாம். உடை கசங்கியிருக்காது, பெரியவர்களுக்கு அலுப்பு வந்திருக்காது. தாத்தா பாட்டி நாற்காலியில், சின்னவன் யார் மடியில் இருக்கப் பிடிக்குமோ அவர் மடியில். இரண்டு வரிசையும் தெளிவாக விழ லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப் 8 வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, அசைக்காமல் இருபது முப்பது படம். ஒருவர் கண் மூடினாலும் பக்கத்துப் படத்திலிருந்து அந்த முகத்தை மட்டும் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை. அது முடிந்ததும் பெரியவர்கள் நிம்மதியாக உட்காரலாம்.

தூறல்

என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் உண்டு. அவனுக்காக நாங்கள் செய்வது எந்தக் குழந்தைக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நாள் எப்படிப் போகும் என்று முன்பே படமாகக் காட்டுவோம். ஒரு தாளில் நாலு கட்டம். குளித்து உடை மாற்றுவது, கேமரா மாமா வருவது, தாத்தா பக்கத்தில் உட்காருவது, கடைசிக் கட்டத்தில் அவனுக்குப் பிடித்த தோசை. இதை ஒரு வாரம் தினமும் தூங்கும் முன் பார்ப்போம். அன்றைக்கு ஒவ்வொரு கட்டமாக அவனே அடித்துக்கொண்டு வருவான். உங்கள் பெரியவள் ஐந்தரை வயது என்பதால் இதை அவளே வரைவாள். சின்னவனுக்குக் கேமராவின் "க்ளிக்" சத்தத்தை விளையாட்டாகக் காட்டினால் போதும்.

இரண்டாவது, நிறுத்தச் சொல்லும் உரிமை. எங்கள் வீட்டில் அவன் "போதும்" என்று கையைத் தூக்கினால் போதும்தான். இடைவேளை விடுவோம், அறையை விட்டு வெளியே போவோம். நிறுத்த முடியும் என்று தெரிந்த பிள்ளை திரும்பி வரும். இழுத்துப் பிடித்து உட்கார வைத்த பிள்ளைக்கு அடுத்த தடவை கேமராப் பையைப் பார்த்தாலே அழுகை வரும்.

சட்டைக்குள் கழுத்தில் குத்தும் லேபிளை வெட்டிவிடுங்கள். சின்ன விஷயம் என்று விடாதீர்கள்.

படப்பெட்டி, நிழல்மரம் இருவரிடமும் ஒன்று: பெரிய குழுப்படம் முதலில் என்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்து வராது. என் மகனுக்கு ஒன்பது பேர் நடுவில் தொடங்கினால் அன்றைக்குப் படமே கிடையாது. அவனும் தங்கையும் மட்டும் முதலில், ஆள் சேர்ப்பது பிறகு. உங்கள் பிள்ளையைப் பார்த்து முடிவெடுங்கள். எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதை விட உண்மையான படம் எங்களுக்கு வேறில்லை.

படப்பெட்டி

தூறல், நன்றி. வரிசையை மாற்றுவது படக்காரருக்குக் கஷ்டமே இல்லை, யாராவது முன்பே சொன்னால் போதும்.

வார்டு அக்கா

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். மூன்று விஷயம்.

22 மாதம் என்கிறீர்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பு பூஸ்டரும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் போட வேண்டும். போட்டாயிற்றா? இல்லையென்றால் படம் எடுக்கும் நாளுக்கு முந்தின நாட்களில் போடாதீர்கள், முத்தடுப்புக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் தொடை வலியும் வரலாம். படத்துக்காகத் தடுப்பூசியை ரொம்பத் தள்ளியும் போடாதீர்கள். இப்போதே போய்ப் போட்டுவிடுவது நல்லது.

சமாதானப்படுத்தக் கையில் தின்பண்டம் கொடுக்கும் வழக்கம் உண்டு. முழுத் திராட்சை, வேர்க்கடலை, முந்திரி, கடினமான மிட்டாய் எதுவும் சின்னவனுக்கு வேண்டாம். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும்போது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுங்கள், உட்கார வைத்துக் கொடுங்கள்.

மூன்றாவது, தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகினாலும் சொல்லியே ஆக வேண்டும். ஃபிளாஷ் அடித்து எடுத்த படங்களில் கண்மணி சிவப்பாகத் தெரிவது சாதாரணம். ஒரு கண் மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாக மின்னினால் கண் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். பெரும்பாலும் கோணத்தால் வருவதாக இருக்கும். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் அதுவே. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். வீட்டில் எடுத்த படத்தில் பெற்றோரே முதலில் கவனித்த பிள்ளைகளும் உண்டு.

மடிப்பாக்கம் மருமகள்

அக்கா, நல்ல வேளை சொன்னீர்கள். பூஸ்டர் இன்னும் போடவில்லை, இந்த வாரமே போட்டுவிடுகிறோம். படப்பெட்டி அண்ணா, வீட்டிலேயே எடுக்கலாம் என்று என் கணவரும் சொல்கிறார், மாமாவுக்கும் அதுதான் வசதி. இப்போது பட்டுப் பாவாடை, திருஷ்டிப் பொட்டு இரண்டும்தான் மீதி. அத்தையிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

காஞ்சிக்காரி

ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? பட்டுப் பாவாடை போடட்டும். குத்துவது பட்டு இல்லை; இடுப்புப் பட்டையும், ஜரிகையின் பின்பக்கமும், ரவிக்கையின் அக்குளும்தான். உள்ளே மெல்லிய பருத்திச் சிம்மீஸ் போட்டு, இடுப்புக் கொக்கியை ஒரு விரல் தளர்வாக வைத்துத் தையுங்கள். அன்றைக்குத்தான் முதல் தடவை போடுவது என்று வைக்காதீர்கள். ஒரு வாரம் முன்பு மாலையில் போட்டு விளையாடவிட்டால் எங்கே உறுத்துகிறது என்று அவளே சொல்வாள். இரண்டு பாவாடை எடுத்து வைத்து எது வேண்டும் என்று அவளையே கேளுங்கள். தானே தேர்ந்தெடுத்ததைப் பிள்ளைகள் கழற்றச் சொல்வதில்லை.

சின்னவனுக்கு வெல்க்ரோ வைத்த குட்டி வேட்டி கிடைக்கிறது. அது கூடக் கசகசப்பாக இருந்தால் பருத்தி ஜிப்பா மட்டும் போதும்.

ஒன்பது பேரும் ஒரே நிறத்தில் வேண்டாம். அத்தையின் புடவையை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றவர்கள் அதை ஒட்டிய இரண்டு மூன்று நிறங்களில் எடுக்கட்டும். கண்ணைப் பறிக்கும் பச்சையும் ரோஸும் முகவாயில் நிறம் அடிக்கும். மிக நெருக்கமான கோடு போட்ட சட்டையைத் தவிர்க்கச் சொல்லுங்கள், படத்தில் அலை அலையாக நெளியும். கொலுசு கட்டாயம் போடுங்கள். பெரியவள் கொலுசுச் சத்தம் கேட்க வேண்டுமென்றே நடப்பாள், குதிப்பாள், அதுவே படத்துக்கு நல்லது.

திருஷ்டிப் பொட்டு: அழுதால் கன்னமெல்லாம் மை பரவும், அது ஒன்றுதான் பிரச்சினை. எங்கள் பாட்டி உள்ளங்காலில் வைப்பார். அத்தையிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

படப்பெட்டி

கன்னத்தில் இருந்தாலும் இருக்கட்டுமே. நான் எடுத்த படங்களில் மை பொட்டை அழித்துத் தரச் சொல்லிக் கேட்ட அம்மாக்கள் உண்டு. அழிக்கும் முன் இரண்டு தடவை யோசிக்கச் சொல்வேன். பாட்டி தன் விரலால் வைத்த பொட்டு அது. மொட்டைக்கும் இதையே சொல்கிறேன். பழனியில் முடி இறக்கியாயிற்று, முடி வளரட்டும் என்று தள்ளிப் போடுகிறார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலைப் படம் அந்த வயதில் மட்டும்தான் கிடைக்கும்.

பழைய ஸ்டுடியோ

கும்பகோணம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தேன், இப்போது ஓய்வு. இந்த உரையாடலைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

எங்கள் காலத்தில் '120' என்ற ஃபிலிம் ரோலில் சதுரப் படம் 12தான் எடுக்கலாம். ஒரு பிள்ளைக்கு இரண்டுக்கு மேல் செலவு செய்ய முடியாது. அதனால் பொத்தானை அமுக்கும் முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்போம். இன்றைக்கு ஆயிரம் படம் எடுக்கலாம், அந்தப் பொறுமைதான் குறைந்துவிட்டது. பிள்ளையிடம் போனதுமே படபடவென்று அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஸ்டுடியோ விளக்கு 1000 வாட். சூடு வேறு. பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பளிச்சென்று போட்டால் மிரண்டுவிடும். ஆகவே குடும்பம் உள்ளே வருவதற்கு முன்பே விளக்கைப் போட்டு வைப்பேன். வெளிச்சமாக இருக்கும் அறைக்குள் பிள்ளை தானாக நடந்து வந்தால் பயமில்லை. உங்கள் படக்காரர் குடை ஃபிளாஷ் கொண்டுவந்தால், பையனை அப்பா தோளில் வைத்துத் தூரத்தில் நிறுத்தி, பெரியவளைப் பொத்தான் அமுக்கச் சொல்லி நாலைந்து தடவை அடித்துக் காட்டட்டும். அக்காவே செய்கிறாள் என்றால் தம்பிக்குப் பயம் தெளியும்.

இன்னொன்று, "உங்க அத்தை பையன் எவ்வளவு சமத்தா நிக்கிறான், பாரு" என்று யாரும் சொல்லக் கூடாது. அந்தச் சொல் விழுந்ததும் பெரியவளின் முகம் மாறிவிடும். பிறகு அன்றைக்கு அவளிடமிருந்து ஒன்றும் கிடைக்காது.

ரெட்டை வால் அம்மா

சாக்லேட் விஷயம் யாரும் பேசவே இல்லையே!

தூறல்

"சிரித்தால் தருவேன்" என்றால் சிரிப்புக்கு விலை வந்துவிடுகிறது, அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் பேரம்தான். எங்கள் தாளில் கடைசிக் கட்டம் தோசை என்று சொன்னேனே, அதற்கு நிபந்தனை கிடையாது. அவன் ஒரு படத்திலும் உட்காராமல் போனாலும் தோசை உண்டு. நாள் எப்படி முடியும் என்று தெரிவதுதான் அவனுக்கு ஆறுதல்.

ரெட்டை வால் அம்மா

நியாயம்தான். ஆனால் மூன்று நாலு வயதில் பேரம் கொஞ்சம் செல்லும் என்பது என் கட்சி. அதில் மாற்றமில்லை. நடுவில் சாக்லேட் வேண்டாம், பல்லெல்லாம் பழுப்பாகிவிடும், அது மட்டும் உறுதி.

மடிப்பாக்கம் மருமகள்

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் படம் எடுத்தாயிற்று, நடந்ததை எழுதுகிறேன்.

வீட்டிலேயே, பால்கனிக் கதவுப் பக்கம், மாலை நாலு மணிக்கு. படக்காரரிடம் முன்பே பேசியதில் அவருக்கும் மகிழ்ச்சிதான், வீடியோ காலில் பெரியவளிடம் தன் கேமராப் பையைத் திறந்து காட்டினார். அவளுக்கு என் பழைய போனைக் கொடுத்து, நீயும் படம் எடு என்று சொன்னேன். வந்ததிலிருந்து அவருக்கு உதவியாளர் மாதிரியே நடந்துகொண்டாள். பல் ஆடுவதை அவரிடம் அவளே போய் ஆட்டிக் காட்டினாள், அந்தப் படமும் இருக்கிறது.

சின்னவனைப் பார்த்ததும், தூறல் சொன்னபடி வரிசையை மாற்றச் சொன்னேன். முதலில் அவனும் மாமாவும் மட்டும். நண்டூறுது பிரமாதமாக வேலை செய்தது, மாமாவே குழந்தையாகிவிட்டார். குழுப்படம் அரை மணி கழித்து. அதில் நாத்தனார் கணவர் மட்டும் "அங்க பாரு" என்று ஆரம்பித்தார், அத்தை அவர் கையைத் தட்டி "மாப்பிள்ளை, முன்னால பாருங்க" என்றார். நடுவில் சின்னவன் ஒரு தடவை வாய்விட்டு அழுதான். பெரியவள் "போதும்" என்று கையைத் தூக்கிவிட்டாள், எல்லாரும் எழுந்து பத்து நிமிடம் காபி குடித்தோம். நிழல்மரம் கேட்ட நேர்ப்படம் வந்துவிட்டது. சின்னவன் அதில் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், மற்ற எட்டுப் பேரும் நேராக. திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலில் வைக்க அத்தை ஒத்துக்கொண்டார். ஆனால் கன்னத்திலும் ஒன்று வைத்துவிட்டார்.

பெரியவள் தரையில் உட்கார்ந்து போனில் எடுத்ததில் பாதி யாருடைய முட்டியோதான். ஒன்றில் மட்டும் அத்தையும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதையும் பெரிதாக்கலாமா? நேர்ப்படத்தைப் பிரிண்ட் போட்டுத் தென்காசி வீட்டில் மாட்ட வேண்டும் என்கிறார் மாமா. என்ன அளவு, எப்படி ஃபிரேம் போடுவது?

பழைய ஸ்டுடியோ

ஒன்பது பேர் படத்துக்கு 12க்கு 18 அங்குலத்துக்குக் குறையாதீர்கள், அதற்குக் கீழே முகங்கள் பொடியாகிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும், இன்றைய கேமராக்களில் 24 மெகாபிக்சல் இருந்தாலே அது வந்துவிடும். படக்காரரிடம் வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். பென் டிரைவில் முழு அளவில் கேளுங்கள்.

மேட் தாளில் போடுங்கள், எதிரே ஜன்னல் இருந்தாலும் பளபளக்காது. ஃபிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில், படம் தெரிய நடுப்பகுதி வெட்டிய மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மழைக்கால ஈரத்தில் படம் அதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் முகம் உரிந்து வரும். எங்களிடம் அப்படி வந்த பழைய படங்கள் நிறைய. தென்காசியில் சாரல் அதிகம், வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், நேர் வெயில் படும் இடமும் வேண்டாம்.

பேத்தி போனில் எடுத்த படத்தை 8க்கு 10இல் போடுங்கள், தாங்கும். பின்பக்கம் தேதியும், எடுத்தவர் பெயராக அவள் பெயரும் பென்சிலால் எழுதி வையுங்கள்.